கடைசி வீட்டுக்காரர்தான் முதலில் பேச வேண்டும்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஆதம்பாவாவின் பெயரைச் சொன்னபோது, அவர் சொல்லித் தந்த சட்டத்தைத்தான் நான் மறுபடியும் என் கதைக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்றார்கள். இன்னாலில்லாஹி சொல்வதற்கு முன்னால், "ரெண்டு நாள் பொறுத்திரிக்கக் கூடாதா மச்சான்" என்றுதான் என் வாயில் வந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உங்களுக்கெல்லாம் அவர் வட்டவிதானை. விவசாயிகள் கைகாட்டித் தெரிவு செய்ய, வயல் வட்டையின் தண்ணீரை நெடுங்காலம் பங்கிட்டுத் தந்தவர். எனக்கு அவர் முகிலடி நகரத்தின் சட்ட நிபுணர். முகிலடி எங்கே என்று தேட வேண்டாம். கணித ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் நான் எழுதும் மாயக்கதையில் இருக்கிறது. மலையுச்சியில் மேகமொன்றைக் கயிற்றால் கட்டிவைத்து, புதிதாகக் குடியேறிய முந்நூறு பேர் அமைத்த சின்ன நகரம். மேகத்துத் தண்ணீர் மேல்தெருவிலிருந்து வீடு வீடாகக் கீழே இறங்கும்.

அந்த நகரத்துக்குச் சட்டம் இயற்ற ஏழு ஞானிகளை நியமித்து, பெருமையோடு அவருக்கு வாசித்துக் காட்டினேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏழு பேரும் மேல்தெருவா?"

"அது கதைக்கு முக்கியமில்ல."

"தண்ணி முதல்ல கிடைக்கிற ஆக்கள்தான் சட்டமும் எழுதுறண்டா, பொறகு என்னத்துக்கு மச்சான் சட்டம்?"

ஏழு ஞானிகளும் அன்றே வேலை இழந்தார்கள். அதன்பின் ஜும்ஆ முடிந்த ஒவ்வொரு வெள்ளியும் முகிலடிக்காக நாங்கள் இருவரும் மல்லுக்கட்டினோம். சட்டத்துக்கு ஒரு போகந்தான் ஆயுள் என்றார். எங்கள் விதைப்புக் கூட்ட வழக்கம் அது. எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் மாட்டை வெளியேற்றுவது என்று எடுக்கும் முடிவெல்லாம் அறுவடையோடு முடிந்துவிடும். அடுத்த போகத்துக்குத் திரும்பவும் கூட்டம் போட வேண்டும். சூத்திரம் என்றால் எக்காலத்துக்கும் சூத்திரம் என்று படிப்பித்த ஆள் நான், விடுவேனா? கத்தினேன். "கிழட்டுச் சட்டத்துக்குக் காது கேக்காது மச்சான்" என்றார். தோற்றுப்போனேன்.

அடுத்து அவர் சொன்னது, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வீட்டுக்காரர்தான் கூட்டத்தில் முதலில் பேச வேண்டும் என்பது. ஏன் என்று கேட்டபோது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். ஒரு போகம், வாய்க்காலை மூடும் நாளைக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள். மேல்வயல் விளைந்துவிட்டது, எல்லோரும் கை உயர்த்தினார்கள். கடைசி வயல் ஊருக்கெல்லாம் அக்காவான றாபியா ராத்தாவுடையது. அங்கே தண்ணீர் பிந்தித்தான் போகும், பயிரும் பிந்தித்தான் விளையும். பின்வரிசையில் எழுந்து நின்ற ராத்தாவைக் கவனியாமல் ஆதம்பாவா கூட்டத்தை முடித்துவிட்டார். பூத்து நின்ற பயிர் பதராகிப் போனது.

"உயர்த்தின கையெல்லாம் சரி மச்சான். கேக்க வேண்டிய ஆளை நான் கேக்கல்ல."

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அந்தச் சட்டத்தை நான் வெட்டினேன். கூட்டக் காட்சி இழுபடுகிறது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். கூட்டத்தில் முதலில் பேசும் கடைசி வீட்டுக் கிழவியை எடுத்துவிட்டு, ஒரு மந்திரவாதியை முழங்க விட்டேன். ஆதம்பாவா வாசித்தார்; கொப்பியை மூடினார்.

"ஒன்ட நகரத்துல இனி நான் இரிக்கல்ல."

"கதை என்ட கதை. ஒன்ட வாய்க்கால் இல்ல!" என்றேன். நாக்கு அப்படி. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த இரண்டு வெள்ளியும் வரவில்லை, நானும் போகவில்லை. மூன்றாம் வெள்ளி சட்டத்தைச் சேர்த்து எழுதிக் கொண்டுபோய் முகத்துக்கு முன்னால் போடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

விவசாயிகள் வைத்த இரங்கல் கூட்டத்தில் என் பெயர்தான் முதலாவது. எழுதிக்கொண்டு வந்த பேச்சோடு எழுந்து நின்றேன். பின்வரிசையில் றாபியா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டபடி இருந்தார். "முதல்ல ராத்தா கதைக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ராத்தா எழுந்தார்.

"எனக்குப் பேசத் தெரியா. அந்தப் போகத்துக்குப் பொறகு, தண்ணி தொறந்தா ஒவ்வொரு நாளும் என்ட வரம்புக்கு வந்து, 'தண்ணி வந்திட்டா ராத்தா?' எண்டு கேப்பார். வந்திட்டு எண்டு நான் சொல்லாம வீட்ட போகமாட்டார். இனி ஆரு கேப்பா?"

என் பேச்சை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முகிலடியில் அந்தச் சட்டம் இருக்கிறது. புத்தகம் இழுபடட்டும். ஆதம்பாவாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது றாபியா ராத்தா சொன்ன கேள்வியைத்தான். போன கிழமை வாய்க்கால் திறந்தார்கள். எனக்கு ஒரு சாண் வயலும் கிடையாது. ஆனாலும் கடைசி வரம்பு வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய்க் கேட்டேன்.

"தண்ணி வந்திட்டா ராத்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் வரல்ல" என்றார். "நாளைக்கும் வாங்க."