விருது வாங்கிய பேர்மிட்

போன மாதம் ஒரு விருது விழாவுக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் நான் ஊரில் நடமாட வேண்டும்.

பொது நிர்வாகத் துறைக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று விருது கொடுத்திருந்தது. 'வாசல்வரை அரசு' என்று அவர்கள் நடத்திய திட்டத்துக்காக. மாணவர்கள் வான் பிடித்துக்கொண்டு படுவான்கரைக் கிராமங்களுக்குப் போனார்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற, அரசாங்கக் கந்தோருக்கு ஒரு தரம் வந்துபோவதென்றால் முழு நாளும் கெட்டுவிடுகிற ஊர்கள் அவை. படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். தாள்களை ஸ்கேன் செய்தார்கள். யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன சிக்கல் என்று எழுதி எடுத்தார்கள். நல்ல திட்டம்தானே? முன்பொரு வாரம் இந்தப் பத்தியிலேயே புகழ்ந்து எழுதியிருக்கிறேன். சிலருக்கு நினைவிருக்கலாம். மறந்திருந்தால் இன்னும் நல்லது.

எனக்கு அந்தத் துறைமேல் ஒரு பெருமை உண்டு. பொய் சொல்லவில்லை. இன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அங்கே படித்த பிள்ளை ஒன்று மேசைக்குப் பின்னால் இருக்கும். வயல்காரன் பிள்ளை, தோணிக்காரன் பிள்ளை. இது சின்ன விடயமா?

அன்று என்னோடு தங்கேஸ்வரியும் வந்திருந்தாள். என் பள்ளிக்கூடச் சிநேகிதன் அருளானந்தத்தின் மனைவி. அவன் செத்து மூன்று வருடம். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் வயலை விட்டுப் போனான். அரசாங்கம் கொடுத்த காணி, அவன் பெயரில் பேர்மிட் என்கிற உரிமப் பத்திரம். சட்டப்படி அது மனைவிக்குத்தான். ஆனால் பேர்மிட்டின் பின்பக்கத்தில் பெயர் மாற்றி எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்த வேண்டும். அதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தாள். அருளானந்தத்தின் தம்பி ஒருவன் 'அண்ணன் வயல் எனக்கு' என்று நிற்கிறான். அவன் பெயரிலும் பத்திரம் இல்லை. ஆனால் உழவு மெசின் இருக்கிறது.

பல்கலைக்கழகம் அவளுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தது. 'பயனாளி' என்று போட்டு! புதுச் சேலை கட்டி வந்திருந்தாள்.

மண்டப வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. உள்ளே சுவர் முழுக்கக் கண்காட்சி. வரைபடங்கள், வட்டங்கள், அம்புக்குறிகள். நடுவில், பொன் நிறச் சட்டம் போட்டு, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு ஒரு பழுப்புத் தாள். கீழே 'தீர்க்கப்பட்ட விடயம்: இலக்கம் மூன்று' என்று எழுதியிருந்தது.

தங்கேஸ்வரி கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணன்... இது என்ட பேர்மிட்டு."

குனிந்து வாசித்தேன், அருளானந்தத்தின் பெயர். அது அந்தச் சுவருக்கு வந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. வான் வந்த அன்று ஸ்கேன் மெசின் பழுது. "ஒறிஜினலத் தாங்க, ரெண்டு நாள்ல கொண்டு தாறம்" என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் உடனே கொடுக்கவில்லை. எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணன், ஒறிஜினலக் கேக்காங்க. குடுக்கட்டா?"

"குடு தங்கச்சி. கம்பஸ் புள்ளைகள்தானே!"

சொன்னது நான்தான். அந்த வாயை இப்போது என்ன செய்வது? பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் "வேலை நடக்குது அக்கா" என்றிருக்கிறார்கள். கந்தோரில் நடக்கிறது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விழா தொடங்கியது. உரைகள், பொன்னாடைகள். கேடயத்தை ஆறு பேர் சேர்ந்து பிடித்துப் படம் எடுத்தார்கள். பிறகு பயனாளியைப் பேசக் கூப்பிட்டார்கள். தங்கேஸ்வரி மேடையேறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி. என்ட பேர்மிட்டத் தந்தா நான் போயிருவன். விதைப்பு வருகுது" என்றாள்.

சபை சிரித்தது. கைதட்டியது! 'எவ்வளவு வெள்ளந்தியான மனசு' என்றார் அறிவிப்பாளர். என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமான கைதட்டலைக் கேட்டதில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன் — பழக்கதோஷத்தில் நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.

விழா முடிந்ததும் துறைத் தலைவரைப் பிடித்தேன். தங்கமான மனிதர். கோபப்படவே முடியாது.

"தீர்க்கப்பட்டது எண்டு போட்டிரிக்கிறீங்களே சேர், பேர் இன்னும் மாறல்லையே?"

"விண்ணப்பம் கையளிச்சாச்சுதானே. எங்கட பக்கத்தில அது தீர்ந்த விடயம்."

தாளைக் கேட்டேன். மதிப்பீட்டுக் குழு ஒன்று வர இருக்கிறதாம், அதுவரை சுவரில் இருந்தால் நல்லதாம். தங்கேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே ஏணி வைத்து ஏறி, சட்டத்தைக் கழற்றித் தந்தார். அப்போதுதான் தாளைத் தொட்டுப் பார்த்தேன். வழவழ என்று இருந்தது. இரண்டு பக்கமும் லெமினேட் செய்திருந்தார்கள்.

"பழைய தாள், மடிப்பில நொறுங்குது. மக்கள்ட ஆவணத்தப் பாதுகாக்கணுமே எண்டு..." என்றார். அறிக்கையில் அதையும் ஒரு சாதனையாகச் சேர்த்திருந்தார்களாம்.

"லெமினேட் செஞ்சா கந்தோர்ல எடுக்க மாட்டாங்களே சேர்?"

அவர் முகம் மாறியது. "ஓம்... ரெண்டாம் வருசத்தில நாங்களே படிப்பிக்கிறம்."

அடுத்த நாள் காலையிலேயே பிரதேச செயலகத்துக்குப் போனோம். காணிப் பிரிவில் இளம் உத்தியோகத்தர் ஒருவர். சித்தாண்டிப் பெண், அதே துறையில் தங்கப் பதக்கம் வாங்கியவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனையால் ஒரு மூலையில் கீறிப் பார்த்தார். மை பிடிக்கவில்லை.

"இதில எழுத ஏலா சேர். சீலும் நிக்கா."

"கந்தோர்ப் பேரேட்டில இருந்து நகல் எடுக்கலாமே மகள்?"

"பழைய பேரேடு வெள்ளத்தில போயிட்டு சேர். இந்தக் காணிக்கு மிஞ்சினது இந்தத் தாள் ஒண்டுதான்." கொஞ்சம் யோசித்தார். "தொலைஞ்சிட்டு எண்டு பொலிசில என்ட்ரி போட்டா புதுசு தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம்."

"தொலையல்லையே புள்ள. இந்தா இரிக்கே!" என்றாள் தங்கேஸ்வரி.

"அதான் அக்கா. பொய் முறைப்பாடு குடுக்கச் சொல்லி நான் சொல்ல ஏலா. சேதமான பத்திரம் எண்டும் எழுதலாம்..." தாளை மறுபடி பார்த்தார். "ஆனா சேதமாகல்லையே. முந்தியவிட நல்லா இரிக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார், அங்கேயே எழுதவும் தொடங்கினார். பதில் எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை.

வரும் வழியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்துவிட்டு, "உரிச்சா எழுத்தும் சேந்து வந்திரும் அண்ணன்" என்றார். அந்த நம்பிக்கையும் போயிற்று.

நான் யாரை ஏசுவது? மாணவர்கள் கெட்டவர்களா? தலைவர் கெட்டவரா? அந்த உத்தியோகத்தர் சட்டம் பேசியது பிழையா? பொறுக்கி ஒருவன் இருந்திருந்தால் ஆசை தீரத் திட்டி எழுதியிருப்பேன். எல்லாரும் நல்லவர்கள், படித்தவர்கள், பதக்கம் வாங்கியவர்கள். ஒரு பெண்ணின் வயல் மட்டும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரிக்கும் மனம் இருக்கிறது... அப்படியும் நடக்கவில்லையே! முப்பது வருடமாக எழுதுகிறேன். இந்தளவு கையாலாகாதவனாக என்னை நான் உணர்ந்ததில்லை.

வட்டை விதானையாரையும் போய்ப் பார்த்தோம். ஒரு வயல்வெளி முழுவதற்கும் பொறுப்பான மனிதர் அவர். யார் எந்தத் துண்டைச் செய்வது என்பதை அவர்தான் பதிவார்.

"பேர் மாத்தின பேர்மிட்டக் கொண்டாங்க, உடனே பதியிறன். இல்லாட்டி ஆர் முதல்ல உழுறாங்களோ அவங்கதான். எனக்கு வேற வழி தெரியா" என்றார்.

போன கிழமை முதல் மழை விழுந்தது. மறுநாள் காலை தங்கேஸ்வரி போன் எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அண்ணன், அவருட தம்பி மெசின எறக்கிட்டான். உழுது முடிஞ்சுது. இப்ப விதைக்கான். வரம்பில நிண்டுதான் கதைக்கன்."

"பொலிசுக்குப் போவமா?"

"என்ன பேப்பரக் காட்டுற? இதையா?"

இத்தனை வருடம் படித்தும் எழுதியும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன்.

"மாவட்ட அரசாங்க அதிபருக்கு நல்ல கடிதம் ஒண்டு எழுதுவம் தங்கச்சி."

போனுக்குள் மெசின் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதுங்க அண்ணன். அது போய்ச் சேர முதல் நெல்லு முளைச்சிரும்."

எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேற்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

முளைத்துவிட்டது.