திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி

என் தாய்மாமா அந்த ஸ்பீக்கர் கடையை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தேன். வீட்டுச் சாவி அவரிடம் இருந்ததால் மூட்டையோடு நேரே கடைக்குப் போனேன். நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டுவதுதான் பத்தொன்பது வருடமாக மாமாவின் வேலை. நெஞ்சுயரப் பெட்டிகள், ஒரு ஜோடியின் விலைக்குக் கார் வாங்கலாம். தொழிலில் எல்லோரும் அவரை 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு ஜோடிகளைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நிறுத்துவார். வாடிக்கையாளரின் நாற்காலியில் சத்தத்தை அளக்கும் மீட்டரை வைத்து இரண்டையும் சமமாக்குவார். எது எந்த ஜோடி என்று கடைசிவரை சொல்ல மாட்டார்.

"எது ஒரு துளி சத்தமா இருக்கோ அதுதான் நல்லாருக்குன்னு மனசு சொல்லும் பாப்பா. சத்தம் கூடியிருக்குன்னே தோணாது" என்பார்.

அன்று வந்தவர் ஒரு பல் டாக்டர். ஒரே பாட்டை ஆறு தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். ஐந்து தடவை விலை குறைந்த ஜோடியைத்தான் தேர்ந்தெடுத்தார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, டாக்டருக்கு ஒரு காபி சொல்லிட்டு வாங்க" என்று மாமாவை வெளியே அனுப்பினார். திரையை விலக்கினார். இரு மடங்கு விலையுள்ள ஜோடிக்கு மாற்றும்போது மட்டும் அவர் விரல் வால்யூம் குமிழை லேசாகத் திருப்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா வாசலில் நின்றார்.

"இதுல சத்தம் கூடியிருக்கே."

"வயசாச்சுல்ல அண்ணே, காதுல ஏதோ கோளாறு."

"அளந்து பாத்துடலாம்."

"மீட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கே!"

பத்து நிமிடம் முன்பு நாற்காலியில் இருந்த மீட்டர்! முதலாளியின் சட்டைப்பை அதே அளவில் புடைத்துக்கொண்டிருந்தது.

"இவர் குமிழைத் திருப்பினாரு, நான் பாத்தேன்" என்றேன்.

"இது யாரு, மூட்டை முடிச்சோட? ரயில் கிளம்பிடப் போகுதும்மா."

டாக்டர் சிரித்தார். "விடுங்க சார், எனக்கே கேக்குதே. இதுதான் அருமை."

மாமா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு நடந்தார்.

அதோடு விட்டானா அந்த முதலாளி? 'காதுக்குக் காது போச்சு' என்று ஊர் முழுக்கப் பரப்பினான். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் காதைச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மாமா சோதித்தார். மிகக் கீச்சென்ற ஒலிகள் கேட்கவில்லை என்று வந்தது. ஐம்பத்தைந்து வயதில் யாருக்குத்தான் கேட்கும்? அந்தக் காகிதத்தையும் ஒளிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டினார், என் மாமா! கதவுகள் சாத்திக்கொண்டன. இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

"நாலு பேர் முன்னாடி அந்த ஆளைக் கேளுங்க மாமா!"

"கேட்டா? செவிடன் கத்துறான்னு சொல்வாங்க."

அவர் பொறுமைமேல் எனக்கு வந்த கோபம் முதலாளிமேல் வந்ததைவிடக் குறைவில்லை. சத்தத்தைச் சமமாக்கி இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று அந்த டாக்டரிடம் தொலைபேசியில் நானே மூன்று முறை பேசினேன். மூன்றாவது முறைக்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பதினான்கு மாதம் கழித்து மாமாவின் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"சார், நான் பல் டாக்டர். என் தம்பி அந்த விலை குறைஞ்ச ஜோடியை வாங்கியிருக்கான். அதையும் நான் அன்னிக்கு வாங்கின ஜோடியையும் ஒரே ஹால்ல வெச்சு, திரை கட்டி, அளந்து சமமாக்கி, அவனை மாத்தி மாத்திப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவனோடதைத்தான் நல்லாருக்குன்னேன். கடையில அன்னிக்கு சத்தத்தைக் கூட்டித்தான் இருக்காங்க. உங்க காதுல ஒரு குறையும் இல்ல. ஆனா தயவுசெஞ்சு இதை யார்கிட்டயும் காட்டிடாதீங்க. வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."