பென்சில் கோட்டைத் தாண்டிய விரிசல்

நர்மதா அக்கா லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர். நாமக்கல்லில் அவருடைய அலுவலகத்தில் பதினோரு வருஷமாக நான் வரைபடம் போடுகிறேன். கம்பிக் கணக்கில் அவரிடம் பொய் சொன்ன மேஸ்திரி யாரும் இரண்டாம் முறை எங்கள் படி ஏறியதில்லை. அப்படிப்பட்டவரை ஒரு கல்யாண மண்டபம் அழவைத்தது. அதுவும் சொந்த அண்ணன் கட்டியது.

பரமத்தி வேலூர் ரோட்டில் அண்ணன் சரவணமுத்து அந்த மண்டபத்தைக் கட்டினார். பிளான் அக்கா போட்டதுதான். கீழே மணமேடை, மேலே பந்தி ஹால். அக்கா டைபாய்டில் படுத்திருந்த மாதத்தில், மேடையை மறைக்கிறதென்று நடுவிலிருந்த இரண்டு தூண்களை விட்டுவிட்டுக் கட்டிவிட்டார்கள். பீமில் நாலு கம்பி கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டிவிட்டதாக மேஸ்திரி மார்தட்டினார். கூரைக்கு அது தெரிய வேண்டுமே!

உடம்பு தேறியதும் நாங்கள் போய்ப் பார்த்தோம். பீமின் அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். ஏணி போட்டு ஏறி, அது முடியும் இடத்தில் அக்கா பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். அடுத்த மாதம் போனபோது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது.

மண்டபத்துக்கு லைசென்ஸ் வாங்க, கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று ஓர் இன்ஜினியர் கையெழுத்திட வேண்டும். அண்ணன் காகிதத்தோடு வந்தார்.

"அண்ணா, தூண் ரெண்டையும் வெச்சுப்போடுங்க. அதுவரைக்கும் மேல பந்தி வேண்டாமுங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏனம்மிணி, கூடப்பொறந்தவங்கிட்டயே சட்டம் பேசறயா? தம்பி கண்ணாலம் அங்கதான்னு ஊருக்கே சொல்லியாச்சு."

அக்கா கையெழுத்திடவில்லை. அதோடு நிற்கவுமில்லை. லைசென்ஸ் தரும் ஆபீசுக்கு விவரமாகக் கடிதம் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். 'அண்ணன்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'உரிமையாளர்' என்றார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேறொரு இன்ஜினியர் மண்டபத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். புண்ணியவான்.

தம்பி தீனதயாளனின் கல்யாணப் பத்திரிகை அக்காவுக்குக் கூரியரில் வந்தது. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவளுக்கு நேரில் வந்து, தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை செய்யும் இணைச்சீரை இந்த முறை பெரியப்பா மகள் செய்வாளென்று போனில் சொல்லிவிட்டார்கள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்கா. அன்று அவர் பச்சைக் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் கல்யாணத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். மேடையில் பெரியப்பா மகள் இணைச்சீர் செய்ய நின்றாள். அக்கா மேடையைப் பார்க்கவேயில்லை, பீமையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பெயின்டில் பென்சில் கோடு மறைந்திருந்தது.

பந்தி தொடங்கியதும் மாடிப்படி அருகே போய் நின்றார். "நூறு நூறு பேராப் போங்க சாமி" என்று கும்பிட்டுக் கேட்டார். சீர் கிடைக்காத கோபமென்று சொந்தக்காரர்கள் சிரித்தபடி ஏறினார்கள். பெற்ற தாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போனார். மேலே நாற்காலி இழுபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். நாலு பந்தியும் முடிந்து கடைசி ஆள் இறங்கும்வரை அங்கேயே நின்றார். ஒரு வாய் சாப்பிடவில்லை.

அண்ணன் வந்தார். "பாத்தியா அம்மிணி? மண்டபம் உளுந்துச்சா?"

"இல்லீங்ண்ணா" என்றார் அக்கா.

இரண்டு வருஷமாகிறது. அந்த வீட்டிலிருந்து அழைப்பில்லை. தம்பி குழந்தைக்குப் பேர் வைத்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். லைசென்ஸ் ஆபீசுக்கு அக்காவின் கடிதம் மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை போகிறது. முகூர்த்த நாளென்றால் மதியம் பந்தி முடியும் நேரம்வரை அக்காவுக்கு வேலை ஓடாது. போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "மண்டபம் உளுகாமயே நின்னுட்டா, நீங்க சொன்னது பொய்யின்னு ஊரே சிரிக்குமேங்க்கா?"

"சிரிக்கட்டுஞ் சாமி" என்றார். "நான் சாகற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருக்கட்டும்."