எலிக்கு ஒரு டாக்டர்

எலி பிடிக்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. எலி வளர்க்கிறவனுக்குக் கிடையாது. பெரியவர்கள் நடத்தும் பெரிய காரியங்களில் கூட்டித் துடைத்துப் பிழைத்தவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் காலி பங்களாவில், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஆராய்ச்சி நடத்தினார். வெள்ளெலிகளுக்கு ஊசி போட்டுப் பெருங்குடலில் புற்றுக்கட்டி வரவைப்பார். பிறகு கட்டியை மெல்லிசாகச் சீவி, உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்கள் அதற்குள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். எலிக்குத் தீனி போடுவதும் கூடு கழுவுவதும் என் வேலை.

ஹீட்டர்

கொழும்பு வெக்கை ஆகாது என்று மலைக்குக் கொண்டுவந்த எலிகளுக்கு மலைக் குளிரும் ஆகவில்லை. டாக்டர் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஒரு வார்த்தை சொன்னார். உடனே ஹீட்டர் வந்தது. கூரைத் தகரம் முழுக்க மாறியது. தகரம் அடிக்க வந்தவர் முத்தையா அண்ணன். அவருடைய ஒற்றையறை லயத்துக் காம்பிராவில் மழை பெய்தால் கூரை ஒழுகி அடுப்பு அணைந்துவிடும். புதுத் தகரம் கேட்டு ஆபீசுக்கு நடந்து ஓய்ந்த மனுசன். வேலை முடிந்து இறங்கியவர் கூட்டை எட்டிப் பார்த்தார்.

"நமக்கும் ஒரு வாலு இருந்திருந்தா எப்பவோ தகரம் மாத்தியிருப்பாங்க, தம்பி."

அரைப் பேர்

மலையில் ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார். டாக்டர் அவரை நுணுக்குக்காட்டி முன்னால் உட்காரவைத்து, சில அணுக்கள் கட்டியோடு சண்டை போடும், சில கட்டிக்குள் வந்தும் சும்மா நிற்கும் என்று பாடம் எடுத்தார். கண்டாக்கையா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் அரைநாள் சம்பளத்தை வெட்டியே பழகிய கண் அது.

"காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டு மலையில சும்மா நிக்கிறவங்க மாதிரி இருக்கு டாக்டர், இதுங்களுக்கு அரைப் பேர் போடுங்க."

மூலம்

அந்த மழைக்காலத்தில் முத்தையா அண்ணனுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போகத் தொடங்கியது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் எல்லா நோய்க்கும் இரண்டே பெயர்: மேலே வலித்தால் வாயு, கீழே வலித்தால் மூலம். அண்ணனுக்கு மாதக்கணக்கில் மூலக் களிம்பு கொடுத்தார். ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் எலிகளுக்கோ கிழமை தவறாமல் வயிற்றைத் தடவிப் பார்ப்பது நடந்துகொண்டிருந்தது.

மனசு கேட்காமல் நான் டாக்டரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சூசை, நான் எலியளைப் பாக்கத்தான் வந்தனான், மனிசரைப் பாக்கத் தோட்டத்தில வேற ஆள் இருக்குதுதானே."

பாக்கியம் அக்கா

மறுநாள் முத்தையா அண்ணனின் பெண்சாதி பாக்கியம் அக்கா கொழுந்தெடுக்கப் போகவில்லை. புருசனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேறி பங்களாவுக்கே வந்துவிட்டார். வெளியாளை உள்ளே விடக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. நான் தீனி மூட்டையைத் தூக்குவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். யார் உள்ளே விட்டது என்று டாக்டர் சீறினார். அக்கா குரலை உயர்த்தவேயில்லை.

"எலிக்குக் கொடல்ல கட்டி வந்தா பாக்குறீங்களாம், இவருக்கும் அங்கனதான் வலி, எலின்னு நெனச்சுக்கிட்டுப் பாருங்கய்யா."

சந்தேகம்

டாக்டர் கையிலிருந்த எலியைக் கூட்டில் விட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அண்ணனை உள்ளே கூட்டிப்போனார். வெளியே வந்ததும் டாக்டர் கார்ச் சாவியை எடுத்தார். தன் காரிலேயே அண்ணனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குடலில் கட்டி, வெட்டி எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாங்கியிருக்காதாம். செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. டிஸ்பென்சரி ஐயா களிம்பு டப்பாவை மூடிவைத்தார்.

"எனக்கும் அந்த மூலத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

சங்கம்

அண்ணன் தேறி வந்ததும், அவர் கட்டியிலிருந்தே சீவிய துண்டை டாக்டர் அவருக்குக் காட்டினார். காவல் அணுக்கள் கட்டிக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தன. "உம்மட உடம்பு நல்லாச் சண்டை பிடிச்சிருக்கு" என்று சந்தோசமாகச் சொன்னார். அண்ணன் வயிற்றைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"உள்ளுக்குள்ள சங்கம் நல்லாத்தான் போராடியிருக்குங்க, நிருவாகத்துக்குத்தான் காது கேக்கல."

நோயைப் பற்றி எல்லாம் தெரிந்த வீட்டுக்கும் நோய் வந்தவன் வீட்டுக்கும் நடுவே எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரேயொரு தேயிலை மலை. அதைக் கடக்க ஆராய்ச்சி போதவில்லை, ஒரு பொம்பளைக்குக் கோபம் வரவேண்டியிருந்தது.