ரசமட்டம் வழித்த சரிவு

சுரங்கத்தில் மண்ணைத் தள்ளி வழிக்கிற டோசர் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கரடுமுரடாகக் கிடந்த தரையை ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, வண்டியின் முகப்பில் விளிம்புவரை டீ நிறைத்த டம்ளரை வைத்து, வழித்த தரையின் மேலேயே போய்த் திரும்பி வந்து, ஒரு சொட்டுக் குறையாமல் அந்த டீயை எடுத்துக் குடித்தவர் ஒருவர்தான். பந்தயம் கட்டியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று விழுந்தது அவருக்கு 'ரசமட்டம்' என்ற பெயர். கொத்தனார் சுவர் மேல் வைத்து மட்டம் பார்ப்பாரே, உள்ளே குமிழி ஓடும் கட்டை, அதுதான் ரசமட்டம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பள்ளிக்கூடம் பக்கம் அவர் அதிகம் ஒதுங்கியதில்லை. கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். கல் சுமக்க வந்தவர், வண்டி துடைக்கிற வேலைக்கு ஏறினார். துடைக்கிறபோதே ஒவ்வொரு லீவரையும் பிடித்துப் பார்த்து மனப்பாடம் செய்தார். ஓட்டுகிறவன் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த ஒரு நாளில் ஏறி உட்கார்ந்தவரை அதற்கப்புறம் இறக்கிவிட ஆளில்லை. படித்து வந்த பொறியாளர்கள் கருவியை மூன்று காலில் நிறுத்தி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கும்போது, இவர் பீடியை வாயில் வைத்தபடியே, "வலது பக்கம் ஒரு சாண் தூக்கல்" என்பார். சரியாகத்தான் இருக்கும். வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார். யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. தரை போடுவதில் தன்னை மிஞ்ச ஒருத்தன் பிறக்க வேண்டும் என்பார். பிறக்கவும் இல்லை.

இத்தனை இருந்தும், வீட்டில் அவர் வாயை அடைக்க அவர் மனைவிக்கு ஒரே கேள்வி போதும்.

"அதெல்லாம் சரி, என் நிலம் எங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. செம்பு எடுக்கிற குழி விரிந்துகொண்டே வந்தபோது, அதன் வாயோரத்தில் இருந்தது மாமனாரின் சரிவு நிலம். சோளமும் அவரையும் விளைந்த மண். கிழவர் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பேசிக் கரைத்தது ரசமட்டம்தான்.

"மாமா, கம்பெனிக்காரன் வாயை நம்பாதீங்க, என்னை நம்புங்க. குழியைத் தோண்டுறவன் நான். நாளைக்கு மூடப் போறவனும் நான்தான். எடுத்த மாதிரியே உங்க பொண்ணு கையில திருப்பி வைக்கலன்னா என்னை ஏன்னு கேளுங்க."

கேட்பதற்குக் கிழவர் இருக்கவில்லை. பெண் இருந்தாள். குழம்பில் உப்பு அதிகம் என்று இவர் சொன்னால், "என் நிலம் எங்க?" மகள் வீட்டுக்குப் போக நாள் தள்ளினால், "என் நிலம் எங்க?" முதலில் விளையாட்டாகத்தான் கேட்டாள். வயது ஏற ஏற விளையாட்டுக் குறைந்தது.

ஒரு வழியாகச் செம்பு தீர்ந்தது. சுரங்கத்தை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். சும்மா பூட்டிவிட்டுப் போக முடியாது. குழியிலிருந்து எடுத்து அந்தச் சரிவு நிலங்களின் மேலேயே குவித்த கழிவுக்கல் மேட்டைச் சரித்துச் சாய்வாக்க வேண்டும். ஆரம்பத்தில் சுரண்டித் தனியாகக் குவித்து வைத்திருந்த மேல்மண்ணை எடுத்து அந்தக் கல்லின் மேல் பரப்ப வேண்டும். செடி நட வேண்டும். மழைக்காலம் தாண்டிச் செடி நின்றால் அதிகாரிகள் பார்த்துச் சரி என்பார்கள், நிலம் பழைய குடும்பங்களுக்கே திரும்பும். நிற்கவில்லையென்றால் வேலி போட்டு மூடிவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் இல்லை. இதுதான் நிபந்தனை.

ஓய்வில் இருந்த ரசமட்டத்தைக் கூப்பிட்டனுப்பினார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பார்.

"இந்தா, கேட்டுக்கிட்டே இருந்தியே, கொண்டாந்து வைக்கறேன் பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பழைய தொப்பியைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அங்கேதான் செடிப் பொண்ணு வந்து சேர்ந்தாள். நிலத்தை மீட்கிற வேலைக்கென்றே படித்து வந்தவள். எல்லாரும் அவளைச் செடிப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லி உடம்பு, பெரிய பூட்ஸ், வெயிலில் கறுத்த முகம்.

"ஐயா, மண்ணைக் கொட்டுனதுக்கப்புறம் அது மேல ஏறி ஏறி இறங்காதீங்க. உதிரியா விட்டுடுங்க. குண்டும் குழியுமா, கட்டியும் முட்டியுமா இருக்கணும்."

ரசமட்டம் காதைச் சொறிந்துகொண்டார். "ஏம்மா, நெலத்துக்குத் தரை போடறதா, இல்ல பன்னி பொரள எடம் போடறதா?"

"பன்னி பொரண்டா இன்னும் நல்லது" என்று அவளும் விடவில்லை. "வழவழன்னு இருந்தா மழைத்தண்ணி நிக்காம ஓடும். ஓடுற தண்ணி மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். குழி இருந்தா தண்ணி அங்கங்க உக்காரும், உள்ள இறங்கும், செடி பிடிச்சுக்கும். அழகா இருக்கணும்னு இல்ல ஐயா, அசிங்கமா இருக்கணும்."

அசிங்கமா இருக்கணும்! வாழ்நாளில் அவரிடம் யாரும் இப்படி ஒரு வேலை கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். பின்பக்கக் கொக்கியை மண்ணில் இறக்கி உழுது, பிளேடால் அங்கங்கே குத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவன் போட்டதைப் போலச் சரிவு முழுவதும் போட்டு முடித்தார். செடிப் பொண்ணு சந்தோஷத்தில் கை தட்டினாள். இவருக்கு அவமானமாக இருந்தது.

கேன்டீனில் மச்சான் காத்திருந்தான். மனைவியின் தம்பி, பட்டறை வெல்டர். நாக்கிலும் வெல்டிங் பொறி பறக்கும்.

"என்ன மாமா, மேல போய்ப் பாத்தேன். இன்னைக்கு வண்டிய யாரு ஓட்டுனா, நீங்களா எருமையா?"

"அந்தப் பொண்ணு அப்படித்தான்டா கேக்குது."

"கேக்கும் கேக்கும். கை நடுங்குறதுக்கு இப்படி ஒரு சாக்கு கெடச்சா யாருதான் விடுவா!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. ரசமட்டம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கூடவே மச்சான் ஒரு செய்தியையும் போட்டுவிட்டான். "திங்கட்கிழமை மேனேஜர் எல்லாக் குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வந்து காட்டுறாராம். அக்காவும் வருது. அது மட்டும் இதைப் பாக்கணும்!"

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஊர் சிரிக்கட்டும். ஆனால் அவள் அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் வந்து பார்க்கும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியாத இந்தக் கரட்டுத்தரையையா காட்டுவது? இதற்கா மாமனாருக்கு வாக்குக் கொடுத்தோம்?

ஞாயிற்றுக்கிழமை செடிப் பொண்ணு நாற்று எடுத்துவர நகரத்துக்குப் போயிருந்தாள். காவல்காரர் பழக்கமானவர். ரசமட்டம் தனியாக வண்டியைக் கிளப்பினார்.

அன்று அவர் ஓட்டியது ஓட்டம். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, பக்கத்தில் ஒரு இழுப்பு, இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாது. கட்டிகள் பொடிந்தன, குழிகள் மறைந்தன. வண்டியின் பாரத்தில் மண் படிந்து இறுகிச் சிமெண்ட் பூசியது போல் வந்தது. வெயில் சாயும்போது சரிவு முழுவதும் இஸ்திரி போட்ட துணியாக விரிந்து கிடந்தது. அடிவாரத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். போன மாதம் வண்டி உருளுகிற இரும்புச் செயின் கழன்று சிக்கிக்கொண்டு, மச்சான் வந்து பற்றவைக்கும்வரை முன்னும் பின்னும் உருட்டி மிதித்துக் குதறிய இடம். அதை வழிப்பதற்குள் டீசல் தீர்ந்துவிட்டது. போகட்டும், அது யார் நிலமும் இல்லை, பழைய வண்டிப் பாதை. இறங்கி நின்று சரிவைப் பார்த்தார். இத்தனை காலம் எவனெவன் நிலத்துக்கோ போட்ட கை, இன்று தன் வீட்டுக்குப் போட்டிருக்கிறது. கண் கலங்கியது.

மறுநாள் மனைவி வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் நடந்தாள். நடந்து போய், அப்பாவின் நிலம் எங்கே ஆரம்பித்தது என்று கண்ணாலேயே அளந்து ஓரிடத்தில் நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை.

"நம்ம வீட்டுத் தரைகூட இவ்வளவு நல்லா இல்லீங்க."

மச்சான்கூடக் குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தான். மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நாற்று வண்டி வந்து நின்றது. செடிப் பொண்ணு குதித்து இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பூட்ஸ் குதிகாலால் மண்ணை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். குதிகால் இறங்கவில்லை.

"இது யாரு செஞ்சது?"

"வேற யாரு செய்ய முடியும்?" என்றார் ரசமட்டம்.

அவள் மேனேஜரிடம் ஓடினாள். "சார், ஒரு நாள் குடுங்க. கொக்கி போட்டு மறுபடி கிளறிடலாம். மழைக்கு முன்னாடி செஞ்சாகணும்."

"வண்டி நாளைக்கு லாரி ஏறுதும்மா, வித்தாச்சு" என்றார் மேனேஜர். "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நீ ஒருத்திதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க. சரி, ஓட்டுனவரையே கேட்டுடுவோம். பெரியவரே, தரை எப்படி?"

செடிப் பொண்ணு ரசமட்டத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஐயா, நீங்க சொன்னா அவர் கேப்பார். கிளறணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வீட்டு நிலம்யா இது."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மனைவி கையில் செருப்போடு சரிவின் நடுவில் நின்றிருந்தாள். அந்த முகத்தை அவர் பார்த்தார். அதை எப்படிக் கலைப்பது?

"தரைக்கு என்ன குறை?" என்றார். "ரசமட்டம் போட்ட தரை. சரியாத்தான் இருக்கு."

டோசர் லாரி ஏறிப் போனது. செடிப் பொண்ணு கடப்பாரையால் குத்திக் குத்தி நாற்றுகளை நட்டாள்.

முதலில் தூறல்தான். செடிகள் தலையாட்டிக்கொண்டு நின்றன. ரசமட்டம் கேன்டீனுக்குப் போய் நடுப்பெஞ்சில் உட்கார்ந்தார். "படிச்ச பிள்ளைங்க பயமுறுத்துவாங்கடா, அனுபவம் பயப்படாது" என்றார். மச்சானுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பெருமழை ஒரு மத்தியானம் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினார். தகரக் கூரையில் ஓடுவது போலத் தண்ணீர் சரிவில் ஓடிவந்தது. எங்கேயும் நிற்கவில்லை. நிற்பதற்கு ஒரு குழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலில் நூல் நூலாக ஓடியது, அப்புறம் கயிறு கயிறாக. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கோடு பிளந்தது. கோடு வாய்க்காலாயிற்று. மண் தோல் உரிவது போல உரிந்து வழுக்கி வந்தது. செடிகள் வேரோடு படுத்துக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடிவாரத்தில் குவிந்தன. உரிந்த இடத்தில் கழிவுக்கல் கன்னங்கரேலென்று பல்லைக் காட்டியது. அதன் ஊடே கசிந்த தண்ணீர் பித்தம் கலந்த மாதிரி மஞ்சளாக வந்தது.

குடை எப்போது கையை விட்டுப் போனது என்று அவருக்குத் தெரியாது.

அதிகாரிகள் வந்தார்கள். வண்டியைவிட்டு இறங்கி அதிக தூரம் நடக்கவில்லை. நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலி வந்தது. 'ஆபத்து, உள்ளே நுழையக் கூடாது' என்று பலகை வந்தது. கம்பெனி அதற்கு முன்பே அலுவலகத்தைக் காலி செய்து கை கழுவிவிட்டது. மேனேஜரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

போவதற்கு முன் செடிப் பொண்ணு வீட்டுக்கு வந்தாள். ரசமட்டம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாப்பா, ஒரு வண்டி மட்டும் எப்படியாவது ஏற்பாடு பண்ணு. நீ சொல்ற மாதிரி அசிங்கமா போடறேன். எவ்வளவு அசிங்கமா வேணும்னாலும் போடறேன்."

"வண்டி கிடைச்சாலும் மண்ணு இல்லைங்க ஐயா" என்றாள் அவள். "குவிச்சு வெச்சிருந்தது அவ்வளவுதான். அத்தனையும் பரப்பியாச்சு. அது இப்ப ஓடையோட போயிடுச்சு. வேற மண்ணுக்கு நான் எங்க போவேன்?"

மனைவி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். உள்ளே வந்து டம்ளரைக் கழுவி வைத்தாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மட்டும் இல்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. குழம்பில் உப்பே இல்லை என்று ஒரு நாள் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். "போட்டுக்குங்க" என்று உப்பை நகர்த்தி வைத்தாள். அந்தப் பழைய கேள்வியை அவள் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. கேட்கவில்லை.

மழை விட்டுப் பல நாள் கழித்து ஒரு காலையில், "அங்க ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

வேலியில் மச்சான் ஒரு கம்பியை வளைத்து வைத்திருந்தான். இருவரும் குனிந்து நுழைந்தார்கள். சரிவு முழுவதும் கல்லும் பிளவும். அவள் செருப்பைக் கழற்றவில்லை. அடிவாரத்தைச் சுற்றி வந்தவள், திடீரென்று நின்றாள்.

"இங்க பாருங்க."

பழைய வண்டிப் பாதை. செயின் குதறிப்போட்ட அந்தத் துண்டு. செயின் பல் பதிந்த ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் மண் தங்கியிருந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் புல் முளைத்திருந்தது. மேலேயிருந்து அடித்துக்கொண்டு வந்த நாற்றுகளில் ஒன்று அங்கே மாட்டி, கோணலாக நின்று, புதிதாக இலை விட்டிருந்தது.

"இது யாரு ஓட்டுன எடம்?"

"நான்தான்."

"இதை ஏன் வழிக்காம விட்டீங்க?"

"டீசல் தீந்துபோச்சு."

அவள் சிரித்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, அவரை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்திருக்கலாம்ல. எல்லாம் ஒரே மாதிரி இருந்திருக்கும்."

அவள் குந்தி உட்கார்ந்து அந்தக் கோணல் செடியின் இலையைத் தொட்டாள். பிறகு பெரிய பிளவு வந்து நிற்கும் இடத்தைக் காட்டினாள். பாதைக்குச் சற்று மேலே, வாயைப் பிளந்துகொண்டு நின்றது அது.

"அடுத்த மழைக்கு இதுவும் போயிடுமா?"

ரசமட்டம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணுக்குக் கருவி தேவையில்லை. சரிவு எந்தப் பக்கம் எத்தனை சாண் தூக்கல், தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எங்கே முட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும் கண். அந்தக் கண்ணை வைத்துத்தான் வாழ்நாள் முழுவதும் மார்தட்டினார். அது இப்போதும் பொய் சொல்லவில்லை.

'ரசமட்டம் சொல்றேன், ஒண்ணும் ஆகாது' என்று தொண்டைவரை வந்தது.

"போயிடும்" என்றார்.

அவள் தலையசைத்தாள். எழுந்து, புல்லை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வேலியை நோக்கி நடந்தாள். அவர் அவள் மிதித்த இடங்களிலேயே மிதித்துப் பின்னால் போனார்.