ஹேமோவின் முன்பற்கள்

ரொட்டியின் ஓரத்தை ஹேமோ கடிக்கமாட்டார். பார்லி மதுவில் அமிழ்த்தி, ஊறும்வரை பொறுத்திருந்து, கடைவாய்க்கு ஒதுக்கிக் கண்ணை மூடி மெல்லுவார். மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று இல்லை. அந்த இடைவெளியை யாராவது சற்றுக் கூடுதலாகப் பார்த்தால் போதும், ஸ்காட்லாந்துப் போர் தொடங்கிவிடும்.

"ஓக் மரம் கணக்கா ஒருத்தன், கையில கோடாலி. விட்டான் பாரு ஒண்ணு! நான் அசையலையே!"

ஹேமோ எங்கள் ஊர் வண்டிக்காரர். எங்கள் பிரபு சர் தர்ஸ்டனோடு அந்தப் போருக்கு மூட்டை ஏற்றிப் போனவர்.

சர் தர்ஸ்டன் இறந்தபோது வாரிசு ஒரே மகள், சிறுமி ஆவ்லின். அவளையும் பண்ணையையும் காப்பாளராக சர் ஃபுல்க் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பதினாறு முடிந்தால் நிலம் அவள் கைக்கு வரும். அதற்குள் ஃபுல்க் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைத்துவிட்டால் எல்லாம் அவர் வீட்டோடு போய்விடும். அந்த மகன் இன்னும் மரக்குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆவ்லினுக்குப் பதினாறு முடிந்துவிட்டது என்றது ஊர். "பதினஞ்சுதான் ஆகுது" என்றார் ஃபுல்க்.

பிறந்த நாளை எங்கள் ஊரில் யார் எழுதி வைத்தார்கள்? அரசரின் அதிகாரி தேவாலயத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வேதத்தின் மேல் கைவைத்து, ஆவ்லினின் ஞானஸ்நான நாள் தங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று சொல்லவேண்டும். எழுத்தருக்கு மைக்கூடு பிடித்தபடி நான் தூணோரம் நின்றேன்.

"அன்னைக்குத்தான் என் பசு கிணத்துல விழுந்துச்சு" என்றார் தச்சர்.

"உன் பசு வருஷா வருஷம் விழுதே!" என்றார் ஃபுல்க்.

"அன்னைக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றார் கொல்லர்.

"எந்தத் தங்கச்சிக்கு? உனக்குத்தான் அஞ்சாறு பேராச்சே!"

முன்வரிசையில் ஆவ்லின் கையுறையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக ஹேமோ. "ஞானஸ்நானம் முடிஞ்ச மறுநாள் போருக்குக் கிளம்புனோம்ங்கய்யா."

போர் நடந்து பதினாறு வருடம் என்பது அதிகாரிக்கே தெரியும். அவர் நிமிர்ந்தார்.

"ஞானஸ்நானம், நீ போருக்குப் போயிட்டு வந்த அடுத்த வருஷமா இருக்கும்" என்றார் ஃபுல்க்.

ஹேமோ, பெண்கள் பக்கம் நின்ற தன் மனைவி குனில்டாவைப் பார்த்தார். பிறகு ஆவ்லினை. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இல்லைங்க. அன்னைக்கு விருந்துக்கு வச்சிருந்த மதுவை நான் கொஞ்சம்... முக்கால் பானை குடிச்சிட்டேன். இவ அகப்பையால ஒண்ணு விட்டா. மூணு பல்லும் போச்சு. மறுநாள் வீங்குன வாயோடதான் வண்டி ஏறினேன்."

"அப்போ அந்தக் கோடாலிக்காரன்?" ஃபுல்க் விடவில்லை.

"அப்படி ஒருத்தன் வரவே இல்லைங்க. நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை."

அதிகாரி எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கோ. பொண்டாட்டிகிட்ட அடி வாங்குனேன்னு எந்த ஆம்பளையும் பொய்ச்சத்தியம் பண்ணமாட்டான்."

"ரெண்டு பல்லுதாங்கய்யா!" என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. "மூணாவது தானா விழுந்துச்சு!"

அதிகாரிகூட மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆவ்லினுக்கு நிலம் வந்தது. வசந்தத்தில், தனக்குப் பிடித்த பக்கத்து ஊர் பியர்ஸை மணந்தாள். விருந்தில் ஹேமோவுக்குத் தன் அருகில் இடம் போட்டாள். சாட்சி சொன்ன நாளிலிருந்து வெட்கப்பட்டுச் சந்தைப் பக்கமே தலைகாட்டாதிருந்தவர், அன்றைக்குத்தான் வாய் திறந்து சிரித்தார்.

அறுவடை முடிந்த பிறகு, மாவு ஆலைக்காரரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: அகப்பை விஷயத்தை அந்த ஞானஸ்நானத்தன்று மாலையே கிணற்றடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டவள் குனில்டாதான். போரிலிருந்து திரும்பிய ஹேமோ கோடாலிக் கதையைத் தொடங்கியதும், வீடு வீடாகப் போய், "அவரு அதைச் சொல்றப்போ யாரும் சிரிக்கக் கூடாது" என்று சொல்லிவைத்தவளும் அவளேதான்.