தத்துவ நூலின் ஓரத்தில் புளித்த மா

வெள்ளிக்கிழமை காலை லொறி வந்து மூன்று பெட்டிகளையும் காகித ஆலைக்கு ஏற்றிப்போக இருந்தது. புதன்கிழமை அவற்றை வாசலுக்குத் தள்ளி வைக்கும் வேலை எனக்கு. லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தின் நிலவறையில் நான் அப்போது ஸ்டாக் அசிஸ்டன்ட். வாசகர் கேட்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் திரும்பி வந்ததைத் தட்டில் வைப்பதும்தான் என் பொறுப்பு.

பெட்டிகளில் இருந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் சிந்தனையாளர்களின் நூல்கள். எல்லாவற்றுக்கும் மாடியில் நல்ல பிரதிகள் இருந்தன. இவற்றிலோ பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். அதனால் மேலாளர் கரோல் இவற்றைக் கழித்துவிட்டார்.

தள்ளும்போது ஒரு பெட்டியின் மூடி கழன்றது. மேலே கிடந்த புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அந்தக் கிறுக்கல் எனக்குத் தெரிந்த எழுத்து.

லண்டனுக்கு வருமுன் எட்டு வருடம் ஜேர்மனியில் ஒரு சிற்றூர் பேக்கரியில் பாண் சுடும் வேலை செய்தவன் நான். முதலாளியின் தாத்தா எழுதிவைத்த செய்முறைக் கொப்பி பழைய ஜேர்மன் கையெழுத்தில் இருந்தது. இன்றைய ஜேர்மன்காரர் பலருக்கே அது புழு நெளிவது போலத்தான் தெரியும். பாண் பிழையாகிவிட்டால் ஏச்சு விழும் என்பதால் நான் அதை எழுத்துக்கூட்டிப் பழகியிருந்தேன்.

முதல் தாளில் 'எம்மா, ஆசிரியை, கேம்பர்வெல்' என்று இருந்தது. அந்தக் காலத்தில் லண்டனின் அந்தப் பகுதியில் படிப்பித்த ஜேர்மன்காரி போலும். உயர்ந்த அறிவு பெண்களுக்கு ஒத்துவராது என்று அந்த நூலின் ஆசிரியரான தத்துவஞானி எழுதிய இடத்தின் ஓரத்தில் எம்மா கேட்டிருந்தார்: "ஐயா, இதை எழுதியபோது நீங்கள் போட்டிருந்த சட்டைக்குப் பொத்தான் தைத்தது யார்?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டுக் கரோல் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கிறுக்கலை வைத்திருக்க இடமில்லை என்றார். ஆனாலும் ஜேர்மன் சிந்தனை கற்பிக்கும் விரிவுரையாளரிடம் ஒருதரம் காட்டச் சம்மதித்தார்.

விரிவுரையாளர் நிலானி லண்டனின் குரோய்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வியாழன் மத்தியானம் வந்தார்.

"அங்கிள், பிரிண்ட் எனக்கு ஓகே. இந்த ஹேண்ட்ரைட்டிங் வாசிக்க ஏலாது. நீங்கள் எங்க பழகினீங்கள்?"

"பாண் போட்டுத்தான் பிள்ளை," என்றேன்.

அவர் ஒரு பக்கத்தைத் தேடித் திருப்பி 'அவுஃப்ஹேபன்' என்ற சொல்லைக் காட்டினார். அந்தத் தத்துவத்தின் அச்சாணியே அதுதானாம். இல்லாமல் ஆக்குவது, பத்திரப்படுத்துவது, மேலே தூக்குவது என்ற மூன்று பொருளும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றனவாம்.

"ஒவ்வொரு வருஷமும் ஸ்டூடன்ட்ஸ் இதிலதான் முழிப்பினம். பக்கத்தில எம்மா என்ன எழுதியிருக்கிறா?"

"புளித்த மா எண்டு எழுதியிருக்கிறா. வேற ஒண்டும் இல்லை."

நிலானியின் முகம் வாடியது. "கடைக்குப் போற லிஸ்டா?"

"இல்லைப் பிள்ளை. பேக்கரியில நேற்றைய மாவில ஒரு பிடியை எடுத்து வைப்பம். எடுத்து வைக்கிறதுக்கு முதலாளி அவுஃப்ஹேபன் எண்டுதான் சொல்லுவார். அடுத்த நாள் புது மாவோட பிசைஞ்சா அந்தப் பிடி இருந்த இடம் தெரியாது. ஆனா முழு மாவையும் மேல எழுப்புறது அதுதான்."

"அம்மா அப்பத்துக்குச் செய்யிற மாதிரியா?"

"ஓம், அதேதான்."

நிலானி அங்கிருந்த ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மூண்டு கருத்தும் இதில இருக்கு அங்கிள்," என்றார் மெதுவாக. பிறகு எழுந்து கரோலைத் தேடி மாடிக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை லொறி வெறுமையாகத் திரும்பியது.

அந்தத் தவணை முழுவதும் நிலானியின் வகுப்பில் நான் எம்மாவின் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். மாணவர்களில் பாதிப் பேர் எம்மாவின் பக்கம், பாதிப் பேர் தத்துவஞானியின் பக்கம். அவர்கள் வாதாடிய சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் இரண்டு தடவை சுவரில் தட்டினார்.

அடுத்த வருடம் பட்டியலாக்கப் பிரிவில் ஓர் இடம் காலியானது. முன்பு இந்த நூலகத்துக்கு விண்ணப்பித்தபோது, நூலகத்துக்குப் பாண் எதற்கு, படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு அந்த எட்டு வருடத்துக்கு நேரே 'ஜேர்மனியில் வசித்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இம்முறை 'பேக்கரி வேலை' என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

நேர்முகத்தில் கரோல் இரண்டு படிவங்களையும் மேசையில் வைத்தார். "முதல்தரம் இதை ஏன் மறைத்தீர்கள்?"

"நூலக வேலைக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்."

கரோல் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்," என்றார்.

வேலை கிடைத்தது. ஓய்வுபெறும்வரை அந்த மேசையில்தான் இருந்தேன். வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: செய்த வேலை எதுவானாலும் படிவத்தில் எழுதுங்கள். அது எங்கே தேவைப்படும் என்று உங்களுக்கும் தெரியாது, வேலை தருகிறவர்களுக்கும் தெரியாது.